மிருதங்கம் பழகும் சின்னப் பிள்ளைகள்: உங்கள் வீட்டில் எப்படி?

பரந்தன் அம்மா:
மகன் தரம் 2 படிக்கிறார். திருவிழாவில் தவில்காரருக்குப் பக்கத்தில் போய் இருந்தால் சாப்பாட்டுக்கும் எழும்ப மாட்டார், அதைப் பார்த்துத்தான் மிருதங்க வகுப்பில் சேர்த்தோம். இப்போது வகுப்பு என்றாலே வயிற்றுக்குத்து, தலையிடி எல்லாம் வந்துவிடும். வீட்டில் பழகச் சொன்னால் அழுகை. நிறுத்திவிடுவதா, விடாமல் பிடிப்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

முல்லைத்தீவு அப்பா:
நிறுத்த வேண்டாம், ஆனால் மிருதங்கத்தைக் கொஞ்ச நாளைக்கு உறைக்குள்ளேயே விடுங்கோ. என் மகளுக்கு முதலில் எல்லாம் வாயால்தான். தகிட என்றால் மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, கையால் தாளம் போட்டுக்கொண்டே சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து புதுக்குடியிருப்பு வரைக்கும் சொல்லிக்கொண்டு வருவா, நான் பிழைவிட்டால் திருத்துவா, அதில் அவவுக்குத் தனிப் புளுகம்.

இன்னொன்று ரவை. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், அதுதான் தொப்பியில், ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து ஒட்டினால்தான் தொம் என்ற சத்தம் கனத்து வரும், அந்த வேலையை முழுக்கப் பிள்ளையிடமே விடுங்கோ. குழைக்கட்டும், ஒட்டட்டும், அடித்துப் பார்த்துக் காணாது என்றால் கூட்டட்டும், முடிந்ததும் சுரண்டி எடுக்கட்டும். மகள் பாதி நாள் வாசிக்க வந்து இருந்ததே ரவைக்காகத்தான், இருக்கட்டுமே. மாரியிலும் கவனம்: ஐப்பசி கார்த்திகை மழையில் தோல் ஈரம் இழுத்துச் சுருதி இறங்கிவிடும், கை நோக அடித்தாலும் மொத்து மொத்து என்றுதான் கேட்கும், பிள்ளை தன்னில்தான் பிழை என்று நினைத்துவிடும். ஆசிரியரிடம் கொடுத்துச் சுருதி சேர்த்து எடுங்கோ.

எங்கள் பக்கம் கோவலன் கூத்து போட்டால் கூட்டிக்கொண்டு வாங்கோ, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்குக் கிட்ட இருத்திவிடலாம்.

மாங்குளம் அம்மா:
எங்கள் வீட்டில் வயலின். அக்காவின் முழு அளவு வயலின் வீட்டில் இருந்தது, ஆனால் ஆசிரியர் சின்னவவின் கையைப் பார்த்தவுடனேயே அரை அளவு எடுக்கச் சொல்லிவிட்டார். கால், அரை, முக்கால் என்று அளவுகள் இருக்கின்றன, மிருதங்கத்திலும் சின்னது உண்டு. உங்கள் மகனுக்கு இரண்டு பக்கமும் கை வசதியாக எட்டுகிறதா என்று முதலில் பாருங்கோ. எட்டாததைக் கொடுத்துவிட்டுக் கவனமில்லை என்று பிள்ளையைப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஒரே இருப்பில் அரை மணித்தியாலம் எல்லாம் வேண்டாம். பள்ளிக்கூடத்தால் வந்து கொஞ்சம், விளக்கு வைத்த பிறகு கொஞ்சம். ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசை முடிந்தால் மகள் தனக்குப் பிடித்த சினிமாப் பாட்டைத் தடவித் தடவி வாசிப்பா, நான் தடுப்பதில்லை.

வவுனியா அப்பா:
வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையை இப்போதே நினைக்காதேங்கோ. சான்றிதழ் நல்லதுதான், என் மகனும் பிறகு எழுதினார், ஆனால் ஆறேழு வயதுப் பிள்ளையிடம் எப்போது பரீட்சை எடுக்கிறாய் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டால் வெறுப்புத்தான் வரும். அதைவிடப் பெரிய தலையிடி தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. தரம் 4 வந்ததும் வீடுகளில் முதலில் வெட்டுவது சங்கீத வகுப்பைத்தான், பிறகு தரம் 6இல் சங்கீதம், நடனம் போன்ற அழகியல் பாடம் தெரிவு செய்கிற நேரம் பிள்ளைக்குக் கை மறந்துபோயிருக்கும்.

வயிற்றுக்குத்து வகுப்பு நாளில் மட்டும்தான் என்றால் ஒரு நாள் நீங்களும் பின்னால் போய் இருந்து பாருங்கோ. எங்கள் மகனுக்கு அதட்டாத ஒரு ஆசிரியரிடம் மாற்றிய பிறகுதான் சரிவந்தது.

பரந்தன் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ரவை இன்றைக்கே குழைத்தாயிற்று, பாதி தொப்பியில், மீதி நிலத்தில், அதைக் கோழி கொத்திக்கொண்டு நிற்கிறது. அளந்து பார்த்தேன், கை எட்டவில்லைத்தான். கிளிநொச்சிப் பக்கம் சின்ன மிருதங்கம் யாரிடமாவது சும்மா இருந்தால் சொல்லுங்கோ, வாடகைக்கு என்றாலும் சரி.