ராமேஸ்வரம் வடகரையில் பாசி மிதவை: ஆளுக்கு 45 என்பது எந்தக் கணக்கு?

கேள்வி: சம்பைக்கரை

ராமேஸ்வரம் நகராட்சிக்குள் சம்பை, ஓலைக்குடா பக்கம் ஐந்து பெண்கள் கொண்ட குழு ஒன்று கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கத் தயாராகிறது. ஐந்து பேருக்கும் காலில் தட்டு கட்டி முங்கி இயற்கைப் பாசி எடுக்கத் தெரியும். வளர்த்துப் பழக்கம் இல்லை. ஆளுக்கு 45 மிதவை என்கிறார்கள். ஏன் 45? ஒரு மிதவைக்கு என்னென்ன வாங்க வேண்டும்? விதைப்பாசி எவ்வளவு பிடிக்கும்? வாடைக் காலத்தில் வடக்கே கடல் அடிக்கும் என்பதால் தெற்குப் பக்கமும் கொஞ்சம் போட்டு வைத்தால் வருஷம் முழுக்க வேலை இருக்குமா? பாசி வெளுத்து உதிர்வதைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மூங்கில்சட்டம்

45 என்பது நாள் கணக்குதான். கட்டிய பாசி அறுப்புக்கு வர 45 நாள் ஆகும். ஒருவரிடம் 45 மிதவை இருந்தால் நாளுக்கு ஒன்றை அறுத்து, அன்றைக்கே திரும்பக் கட்டி இறக்கிவிடலாம். வேலை ஒரே நாளில் வந்து குவியாது, காயப்போடும் இடமும் நெரிசலாகாது.

ஒரு மிதவைக்கு 12 அடி மூங்கில் நான்கு, மூலைகளில் குறுக்கே கட்ட 4 அடித் துண்டு நான்கு. மூலைத் துண்டை விட்டால் முதல் காற்றிலேயே சதுரம் சாய்சதுரமாகிவிடும். வெடிப்பு இல்லாத முற்றிய மூங்கிலாகப் பாருங்கள். நடுவே 3 மி.மீ. முறுக்குக் கயிறு 20 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் 20 முடி (பாசித் துண்டைக் கயிற்றில் கட்டும் முடிச்சு), முடிக்கு 150 கிராம். 400 முடிக்கு 60 கிலோ விதைப்பாசி. முடிகளுக்கு இடையே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி வரும். அடியில் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டுங்கள். ஒடிந்த துண்டுகளைத் தாங்குவதும் அதுதான், கீழிருந்து ஓரா மீன் கடிக்காமல் தடுப்பதும் அதுதான்.

முடி போடும்போதுதான் புதியவர்கள் தவறுகிறார்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு அறுபட்டு, அந்தக் காயத்திலிருந்தே அழுகும். தளர்வாக விட்டால் அலையில் நழுவும். பாசி முடிக்குள் கொஞ்சம் அசைய வேண்டும், வெளியே வரக்கூடாது. விதைப்பாசியை நிழலில் வைத்து, ஈரச்சாக்கு போர்த்தி, கடல்நீர் தெளித்துக்கொண்டே கட்டுங்கள். வெயிலில் குவித்து வைத்த பாசியை எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் பிழைக்காது.

நன்றாக வந்தால் ஒரு மிதவையில் 260 கிலோ வரை கிடைக்கும். 60 கிலோவைத் திரும்ப விதைக்கு வைத்தது போக 200 கிலோ காயப்போடலாம். காய்ந்தால் 20 கிலோ. பணத்துக்கு அவசரப்பட்டு 30 நாளில் அறுக்க வேண்டாம். நாளுக்கு 3 சதவீதத்துக்கு மேல் வளரும் பாசி இது, 30-ஆம் நாளில் 160 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மீதி 100 கிலோ கடைசி 15 நாளில் ஏறுவது. 45-ஐத் தாண்டி விட்டுவைத்தாலும் கனம் தாங்காமல் ஒடிந்து போகும்.

விதைக்காக ஆளுக்கு 2,700 கிலோ மொத்தமாகத் தேட வேண்டாம். முதலில் பத்து மிதவை, 600 கிலோ போதும். நாலைந்து நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக இறக்குங்கள். முதல் சுற்றில் வருவதை விற்காமல் முழுக்க விதையாக்கினால் 43 மிதவைக்கு வந்துவிடும்.

பதில்: பெண்கடல்

தெற்குப் பக்கம் ஒரு மிதவைகூடப் போடாதீர்கள். அங்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986 முதல் கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. கப்பாபைகஸ் நம் கடலின் பாசி இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்தது. ஒடிந்த துண்டு பவளப்பாறையில் ஒட்டினால் அப்படியே போர்த்திக்கொண்டு வளர்ந்து, அடியில் இருக்கும் பவளத்தைச் சாகடித்துவிடும். குருசடைத் தீவில் இது நடந்தே விட்டது. அந்தப் பவளத்தை நம்பித்தான் மீனும், இயற்கையாக வளரும் மரிக்கொழுந்துப் பாசியும் இருக்கின்றன, அதை நாமே கெடுக்கக்கூடாது. வடக்கே பாக் விரிகுடாவிலும், ஒடிந்த துண்டுகளைக் கடலில் விடாமல் அள்ளிக் கரைக்குக் கொண்டுவருவதை வேலையின் பகுதியாக வையுங்கள்.

காலம்: தை முதல் புரட்டாசி வரை வடகரை தரும். அந்த ஒன்பது மாதத்தில் அதிகபட்சம் ஆறு சுற்று. ஐப்பசியில் வாடை திரும்பும் முன் மிதவைகளைக் கரையேற்றுங்கள். கொஞ்சம் விதையை அமைதியான இடத்தில் காப்பாற்றி வைப்பவர்கள்தான் தையில் முதலில் தொடங்குகிறார்கள்.

இடம் பார்க்கும்போது, கடல் நன்றாக வற்றும் நாளிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்க வேண்டும். நீரோட்டம் வேண்டும், சேறு கலங்கக்கூடாது. சாக்கடை, மழைநீர் விழும் வாய்க்கால் பக்கம் வேண்டாம். பத்து மிதவையை ஒரு கொத்தாகக் கட்டி இரண்டு முனையிலும் நங்கூரம் போடுங்கள். ஒரே நங்கூரத்தில் விட்டால் காற்று மாறும்போது கொத்து சுற்றிப் பக்கத்துக் கொத்தில் மோதும். நாட்டுப்படகு போகும் வழியை ஊர்க்காரர்களிடம் கேட்டு அகலமாக விடுங்கள். இதில்தான் சண்டை வருகிறது.

சம்பைக்கரை

தெற்குப் பேச்சை விட்டுவிட்டோம். வெளுப்பு எதனால் வருகிறது? மானியம் உண்டா?

பதில்: வெள்ளைத்தண்டு

அதற்கு ஐஸ்-ஐஸ் என்று பேர். தண்டு நடுவில் வெளுத்து, மெலிந்து, அந்த இடத்தில் ஒடியும். பாசி களைத்துப் போவதுதான் முதல் காரணம், பாக்டீரியா அதன் மேல்தான் ஏறுகிறது. சித்திரை, வைகாசியில் காற்று விழுந்து தண்ணீர் சூடேறும்போதும், பெருமழையில் உப்பு குறையும்போதும் பாருங்கள். 2013-க்குப் பிறகு இந்தக் கரையில் ஏராளமான பாசி செத்து, பல குழுக்கள் தொழிலையே விட்டன.

மருந்து கிடையாது. வெளுத்ததைக் கண்ட அன்றே நல்ல பகுதி வரை வெட்டியெடுங்கள். மிதவையில் பாதிக்கு மேல் வெளுத்தால் நாள் பார்க்காமல் அறுத்துக் காயப்போடுங்கள். மிச்சத்தை விதையாக்க வேண்டாம். கொத்தைக் கொஞ்சம் ஆழமான, ஓட்டமுள்ள இடத்துக்கு நகர்த்தினால் பலன் தெரியும். மூங்கில்சட்டம் சொன்ன அடிவலை சரி, ஆனால் அழுக்கும் வேற்றுப் பாசியும் படிந்து கண் அடைத்த வலை ஓட்டத்தை நிறுத்தி இதே நோயைக் கொண்டுவரும். வாரம் இரண்டு முறை வலையையும் கயிற்றையும் உலுக்கிக் கழுவுங்கள். ஒரே விதையைச் சுற்றுக்குச் சுற்று வெட்டிக்கொண்டே போனால் வீரியம் குறையும். மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் திசு வளர்ப்பு நாற்று பற்றிக் கேளுங்கள்.

மானியம்: பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் மிதவை ஒன்றுக்கு 1,500 ரூபாய் மதிப்பு வைத்திருக்கிறார்கள், பெண்களுக்கு 60 சதவீதம். 45 மிதவைக்கு 67,500, அதில் 40,500 மானியம், 27,000 உங்கள் பங்கு. ஒதுக்கீடு இருக்கிறதா என்று மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துவிட்டு மூங்கில் வாங்குங்கள்.

பதில்: காய்ச்சல்பாய்

விலை போவதும் போகாததும் கரையில்தான். மணலில் நேராகக் கொட்டாதீர்கள். மணல் ஒட்டினால் வியாபாரி எடையைக் கழிப்பார், அது நியாயமும்கூட. பழைய வலையை விரித்தோ, கம்பு நட்டுப் பரண் கட்டியோ காயப்போடுங்கள். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள். முதல் நாள் இரண்டு முறை புரட்ட வேண்டும். காய்ந்த தண்டு ரப்பர் மாதிரி வளைய வேண்டும், மேலே உப்பு பூக்க வேண்டும். ஈரம் 35 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சாக்கில் கட்டலாம். கையில் ஈரம் ஒட்டினால் சாக்குக்குள் புழுங்கிக் கெடும். மழையில் நனைந்தால் நிறமும் போகும், பாசியை விலைபோக வைக்கும் கேரஜீனன் என்ற கூழ்ச்சத்தும் கரையும். தார்ப்பாய் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

வளர்ப்பு வந்ததற்காக இயற்கைப் பாசி எடுப்பதைக் கைவிடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் எடுப்பது என்று இந்தத் தீவுப் பெண்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு நல்ல கட்டுப்பாடு. பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்ததும் இப்படிப்பட்ட பாதுகாப்புக்காகத்தான். அந்த 12 நாளும் மிதவை ஆளில்லாமல் கிடக்கக்கூடாது. முறை வைத்து இரண்டு பேர் கரையில் நில்லுங்கள், மூன்று பேர் முங்கப் போகட்டும். அன்றைக்கு அறுக்க வேண்டிய மிதவைகளை முந்தின நாளே கரைக்குப் பக்கம் இழுத்துக் கட்டிவிட்டால் இரண்டு பேருக்கு வேலை ஓடும்.