கதை எழுதக் கற்றுத்தரும் புத்தகங்கள்: எதிலிருந்து தொடங்குவது?

பண்டாரவளை வாசகி
வணக்கம். மலையகத் தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை வைத்துச் சிறுகதை எழுதிப் பழகுகிறேன். கையில் ஆறு கதை இருக்கிறது, ஆறிலும் ஒரே குறை. முதல் பக்கம் கதையாக ஓடுகிறது, பிறகு சம்பளம், லயத்து வரிசை வீடு, குடிதண்ணீர் என்று கட்டுரையாகிவிடுகிறது. எழுத்து நுட்பம் சொல்லும் புத்தகம் தமிழில் எது, ஆங்கிலத்தில் எது? ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிப்பேன். ஒன்றிரண்டுக்கு மேல் வாங்கவும் வசதியில்லை.

அட்டன் ராஜ்
சகோதரி, தமிழில் ரா.கி.ரங்கராஜனின் ‘எப்படிக் கதை எழுதுவது?’ நல்ல தொடக்கம். அஞ்சல் வழிப் பாடமாக நடத்தியது என்பதால் பாடம் பாடமாகப் போகும். கதையை எங்கே தொடங்குவது, முடிச்சை எப்போது போடுவது என்பதெல்லாம் தெளிவாகப் பிடிபடும். ஆனால் அவர் குமுதத்தில் இருந்தவர். வாரப் பத்திரிகைக் கதைதான் அவருக்கு அளவுகோல், அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். கடைசி வரித் திருப்பத்தைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாத்திரம் மெலிந்துபோகும்.

ஆங்கிலத்தில் ஒன்றுதான் என்றால் உர்சுலா லு குவினின் ‘ஸ்டியரிங் த கிராஃப்ட்’ (1998). மெல்லிய புத்தகம், பயிற்சிகள் நிறைய உண்டு. ஒரு பக்கம் பெயரடை, வினையடை எதுவும் இல்லாமல் எழுதச் சொல்வார். ஒரே சம்பவத்தை வேறு வேறு ஆள் பார்வையில் எழுதச் சொல்வார். எழுதி முடித்ததைச் சரிபாதியாக வெட்டச் சொல்வார். வாசித்து மட்டும் வைத்தால் ஒன்றும் ஒட்டாது. வாரத்துக்கு ஒரு பயிற்சி என்று கொப்பியில் எழுதிப் பாருங்கள்.

உங்கள் குறைக்கு நேரான மருந்து ஜோன் கார்ட்னரின் ‘தி ஆர்ட் ஒஃப் ஃபிக்‌ஷன்’ (1983) புத்தகத்தில் உள்ள ஒரு பயிற்சி. மகனைப் போரில் இழந்தவன் கண்ணால் ஒரு களஞ்சியத்தை விவரிக்க வேண்டும். மகன், போர், சாவு எதையும் சொல்லக்கூடாது. இதை நம் பக்கம் கொண்டுவாருங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுவைக்கு நிற்கிறாள். தராசு முள், ஈரத்துக்குக் கழிக்கிற கிலோ, முன்னால் நிற்பவள் இடுப்பில் சுற்றிய நனைந்த படங்கு, இவ்வளவுதான் எழுதலாம். துக்கம் அந்த வரிகளுக்குள் இருந்து தானாக வரவேண்டும்.

கதை எங்கே கட்டுரையாகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் மூன்று விடை எழுதுங்கள்: யார் பார்க்கிறார், எத்தனை மணி, இந்த நிமிஷம் அவருக்கு என்ன வேண்டும். மூன்றாவதுக்கு விடை இல்லாத பத்தியை அப்படியே வெட்டிப் பத்திரிகைக் கட்டுரையில் ஒட்டலாம். பாத்திரத்தின் தேவை நின்றுபோன இடத்தில்தான் எழுதுகிறவரின் கருத்து உள்ளே நுழைகிறது. குடிதண்ணீர்ப் பிரச்சினையை விளக்க வேண்டாம். ஒரே தண்ணீர்ப் பீலி, இரண்டு பெண்கள், வரிசையில் வாளிகள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் இன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். யார் விட்டுக்கொடுப்பது?

மஸ்கெலியா ஆசிரியர்
ராஜ் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஆங்கிலப் புத்தகம் தொடவே முடியாத இடம் ஒன்று தமிழில் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. வினைமுற்று.

ஆங்கிலத்தில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்தாலும் கங்காணி வந்தாலும் வினை ஒன்றுதான். தமிழில் ‘துரை வந்தார்’, ‘துரை வந்தான்’ இரண்டும் இரண்டு கதை. கதை சொல்பவர் துரைக்கு எவ்வளவு கீழே நிற்கிறார், உள்ளுக்குள் என்ன நினைக்கிறார் என்பதை ஒரு விகுதி காட்டிவிடும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் பார்வையில் போகும் கதையில் அவளுடைய மாமியாரை ‘அவள்’ என்று எழுதினால் அந்த நொடியிலேயே பார்வை உடைகிறது. கதையை முடித்த பிறகு எல்லாப் பாத்திரங்களின் விகுதியையும் ஒருமுறை வரிசையாகச் சரிபாருங்கள். நடுவில் விகுதி மாறினால் அதற்கு ஒரு காரணம் கதைக்குள் நடந்திருக்க வேண்டும்.

அடுத்தது எச்சச் சங்கிலி. ‘எழுந்து, முகம் கழுவி, ரொட்டி சுட்டு, பிள்ளையைத் தூக்கி, பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்குப் போனாள்.’ இலக்கணம் சரிதான், ஆனால் ஆறு செயலும் ஒரே எடையில் ஓடிவிடுகின்றன. முக்கியமான ஒன்றைப் பிரித்துத் தனி வாக்கியமாக்குங்கள். ‘பிள்ளை முந்தானையை விடவில்லை.’ வாசகர் அங்கே நிற்பார்.

பணம் செலவழிக்க முன் நம் மலையக எழுத்தாளர்களை வாசியுங்கள். என்.எஸ்.எம்.இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’, பரிசுக் கதைகளைத் தொகுத்து 1971இல் வந்த ‘கதைக்கனிகள்’. நூலகம் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், அங்கே இலங்கைத் தமிழ் நூல்களின் மின்பிரதிகளை இலவசமாக வாசிக்கலாம். ஒரு கதையைக் கையால் பார்த்தெழுதி, காட்சி மாறும் இடத்தில் கோடு போடுங்கள். எத்தனை காட்சி, எதற்கு எத்தனை வரி என்று எண்ணுங்கள். நான்கு கதைக்கு இதைச் செய்தால் அளவு கைக்கு வந்துவிடும்.

பண்டாரவளை வாசகி
இருவருக்கும் நன்றி. விகுதி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொன்று: கவ்வாத்து, படங்கு, அரைப்பேர் போன்ற சொற்களுக்கு யாழ்ப்பாணத்து வாசகருக்காக அடைப்புக்குறியில் பொருள் போடலாமா?

மஸ்கெலியா ஆசிரியர்
வேண்டாம். அடைப்புக்குறி வந்ததும் கதை நின்று அகராதி தொடங்கிவிடும். சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு செயலை வையுங்கள். ‘படங்கை இடுப்பில் சுற்றி இறுக்கினாள்’ என்றால் உடுப்பு என்று புரிகிறது. ‘கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினான், செடி இடுப்பளவுக்கு ஏறியிருந்தது’ என்றால் வெட்டு வேலை என்று புரிகிறது. அரைநாள் சம்பளமான அரைப்பேருக்குச் சம்பள நாள் காட்சி ஒன்று போதும். பேச்சுமொழியை உரையாடலில் முழுதாக விடுங்கள். விவரிப்பில் பொதுத்தமிழ், ஆனால் தோட்டத்துப் பெயர்ச்சொற்களை மாற்ற வேண்டாம். கொழுந்து இலையாகக்கூடாது, காம்பரா அறையாகக்கூடாது.

பதுளை மணி
திருத்தத்துக்கு ஸ்டீபன் கிங்கின் ‘ஒன் ரைட்டிங்’ (2000) சொல்லும் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் பிரதி என்பது முதல் பிரதியில் பத்து வீதம் குறைந்தது. 2000 சொல் எழுதினால் 1800. அவர் நாவலைக் குறைந்தது ஆறு வாரம் பூட்டிவைக்கச் சொல்கிறார். சிறுகதைக்கு இரண்டு வாரம் போதும் என்பது என் எண்ணம். தமிழில் அந்த 200 சொல் பெரும்பாலும் மூன்று இடத்தில் கிடைக்கும்: வானிலை சொல்லும் முதல் பத்தி, ‘என்று எண்ணினாள்’ வரிகள், கதை முடிந்த பிறகும் நீளும் கடைசிப் பத்தி. மலையகக் கதை என்றால் முதல் பத்தியில் மூடுபனி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வெட்டிவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து வாசித்துப் பாருங்கள்.