புதுப்பிப்பு: கோத்தகிரியிலிருந்து கொடுத்த மென்பொருள் இன்டர்வியூ

மழையில் கரண்ட் போய், கோடிங் சுற்று பாதியில் அறுந்துவிட்டது, மறுபடி கூப்பிடுவார்களா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். கூப்பிட்டார்கள். நீங்கள் சொன்னபடி அன்றே எச்ஆருக்கு மெயில் போட்டதுதான் உதவியது. இந்த முறை குன்னூரில், இன்வெர்ட்டர் இருக்கும் சித்தி வீட்டில் உட்கார்ந்தேன்.

எல்ஆர்யூ கேச் (இடம் நிரம்பினால், தொட்டு அதிக நாளானதை முதலில் நீக்கும் தற்காலிகச் சேமிப்பு) எழுதச் சொன்னார்கள். கெட் (எடுப்பது), புட் (வைப்பது) இரண்டும் ஓ(1)-இல், அதாவது உள்ளே எவ்வளவு இருந்தாலும் ஒரே அளவு நேரத்தில், முடிய வேண்டும். சாவியைக் கொடுத்தால் மதிப்பை உடனே எடுத்துத் தரும் ஹேஷ் மேப் மட்டும் போதாது. எதைத் தொட்டு நாளாகிறது என்பது அதற்குத் தெரியாது. கூடவே டபுளி லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு நோடும், அதாவது கண்ணியும், தனக்கு முன்னும் பின்னும் இருப்பதைக் காட்டும் பட்டியல்) வேண்டும்: தொட்ட நோடை முன்னால் நகர்த்தி, இடம் நிரம்பினால் வாலில் இருப்பதை நீக்க வேண்டும். பைத்தானில் வரிசையையும் நினைவில் வைக்கும் ஆர்டர்டுடிக்ட் தயாராக இருக்கிறதே என்றேன். "சரி, அது இல்லாம எழுதுங்க" என்றார் இன்டர்வியூ எடுத்தவர். (எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள்போல.) தலையிலும் வாலிலும் ஒரு போலி நோடு வைத்தால் காலியா என்று பார்க்கும் சோதனைகள் குறையும். அதைச் சொன்னதும்தான் மனிதர் முதன்முறையாகச் சிரித்தார்.

சிஸ்டம் டிசைன் சுற்று (பெரிய மென்பொருளின் அமைப்பைத் திட்டமிடச் சொல்வது) சுமார்தான்.

அப்புறம், கோவை அலுவலகத்துக்கு வாரம் மூன்று நாள் வர முடியுமா என்றார்கள். தினமும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவது நடக்காது. அறை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஆஃபர் லெட்டர் இன்னும் வரவில்லை. வந்தால் சம்பள விவரத்தோடு எழுதுகிறேன்.