கேட்டலீனா 22 காற்றுக்கு எதிரே போகவே மாட்டேன் என்கிறது, கீல்தான் காரணமா?

புதுப்பாய்:

வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் 1981-இல் கட்டிய கேட்டலீனா 22 பாய்மரப் படகு ஒன்றை டிரெய்லரோடு சேர்த்து வாங்கினேன். அடியில் இரும்புக் கீல் (தண்ணீருக்குள் இறங்கி, படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கும் தகடு) உள்ள வகை. வின்ச் என்ற கைப்பிடி உருளையைச் சுற்றி, கேபிளால் அதை ஏற்றி இறக்க வேண்டும். டாலஸ் பக்கம் இருக்கிறேன், லூயிஸ்வில் ஏரியில் ஓட்டுகிறேன். விற்றவர் பெரியவர். மூன்று வருஷமாகப் படகைத் தண்ணீரில் இறக்கவில்லை என்றார். டிரெய்லரில் போகும்போது கீல் ஆடாமல் இருக்க எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார், நல்ல மனிதர்.

எனக்கு இருக்கும் அனுபவம் சின்னப் படகில் எடுத்த இரண்டு நாள் வகுப்பு மட்டும்தான். போன சனிக்கிழமை மனைவியையும் எட்டு வயது மகனையும் ஏற்றிக்கொண்டு முதல் முறையாகப் பாய் விரித்தோம். காற்று மணிக்கு 8, 10 மைல் இருக்கும். காற்று பின்னாலிருந்து வந்தவரை சொர்க்கம். திரும்பி வரும்போதுதான் வினை. காற்றை நோக்கி எவ்வளவு மூக்கைத் திருப்பினாலும் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போகிறது. மறுபக்கம் திருப்பலாம் என்றால் மூக்கு பாதி வழி வந்து நின்று, பழைய பக்கமே விழுந்துவிடுகிறது. ஆறு முறை முயன்றேன். கொஞ்சம் காற்று வீசினாலே படகு சடாரென்று சாய்ந்தது, மனைவி போட்ட சத்தம் கரைக்கே கேட்டிருக்கும். கடைசியில் மோட்டாரைப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம். ஒரே ஆறுதல், படகு இறக்கும் ராம்ப் பக்கத்தில் வழி தப்பி 4 அடி ஆழத்தில் புகுந்தும் தரை தட்டவில்லை.

இன்னொன்று. பாய்மரம் நிமிர்த்தும்போது வலப்பக்க டர்ன்பக்கிள் (மரத்தைத் தாங்கும் கம்பியை இறுக்கும் திருகு) ஒன்று வளைந்துவிட்டது. மரமும் லேசாக இடப்பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. படகு நழுவ இதுதான் காரணமா?

காற்றாடி:

முன்னால் இருக்கும் சின்னப் பாயை, அதாவது ஜிப்பை, ரொம்ப இழுத்துக் கட்டியிருப்பீர்கள். புதிதாக ஓட்டுகிற எல்லோரும் செய்வது. திருப்புவதற்கு முன்னால் படகு நல்ல வேகத்தில் இருக்க வேண்டும். சுக்கானின் கைப்பிடியான டில்லரைப் படக்கென்று தள்ளினால் சுக்கானே பிரேக் மாதிரி ஆகிவிடும், மெதுவாகத் தள்ளுங்கள். மூக்கு நேராகக் காற்றில் மாட்டிக்கொண்டால் ஜிப்பை உடனே அவிழ்க்காமல் பழைய பக்கமே கொஞ்ச நேரம் பிடியுங்கள், காற்றே மூக்கைத் தள்ளிவிடும்.

கெமா கிழவன்:

காற்றாடி சொன்னது எல்லாம் சரி. ஆனால் தம்பி, எனக்கு வேறு சந்தேகம். நான் இதே படகை 11 வருஷமாக கால்வெஸ்டன் வளைகுடாவில் வைத்திருக்கிறேன். இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

கீலை இறக்கும்போது வின்ச் கைப்பிடியை எத்தனை சுற்று சுற்றினீர்கள்? சுற்றும்போது கையில் பாரம் தெரிந்ததா?

புதுப்பாய்:

எண்ணவில்லை அண்ணா, ஏழெட்டு சுற்று இருக்கும். பாரம் எல்லாம் இல்லை, லேசாகத்தான் இருந்தது. கேபிள் தொளதொளவென்று ஆனதும் கீல் முழுதாக இறங்கிவிட்டது என்று நிறுத்திவிட்டேன். கீல் கீழே போனால் கேபிள் தளரும் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

கெமா கிழவன்:

நினைத்தேன். உங்கள் கீல் இறங்கவே இல்லை.

நீங்கள் ஆறுதல் என்று எழுதிய விஷயத்தை இன்னொரு முறை படியுங்கள். இந்தப் படகுக்குக் கீல் மேலே இருந்தால் 2 அடி ஆழம் போதும். முழுதாக இறங்கினால் 5 அடி வேண்டும். 4 அடித் தண்ணீரில் தட்டாமல் வந்தீர்கள் என்றால் கீல் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது என்று அர்த்தம். நழுவியதும், காற்றுக்குச் சடாரென்று சாய்ந்ததும், திரும்ப மறுத்ததும் இந்த ஒன்றால்தான். கீல் பின்னால் மடங்கிக் கிடக்கும்போது தண்ணீரைப் பிடித்து நிற்கும் இடமும் பின்னுக்குப் போய்விடுகிறது. பாய் இழுக்கிற இடம் அதற்கு முன்னால் இருப்பதால் மூக்கு காற்றைவிட்டு விலகத்தான் பார்க்கும். நீங்கள் டில்லரை என்ன செய்தும் பயனில்லை.

கீல் முழுதாக இறங்கினாலும் கேபிள் தளரும், கீல் எங்கேயாவது சிக்கிக்கொண்டாலும் தளரும். அதனால் கேபிள் தளர்ந்ததை மட்டும் நம்பக் கூடாது. கையில் பாரம் தெரிய வேண்டும். அந்தக் கீல் வார்ப்பிரும்பு, சுமார் 550 பவுண்டு, நம் கணக்கில் கால் டன். அது இறங்கும்போது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பெரியவர் எல்லாவற்றையும் இறுக்கிக் கொடுத்தார் என்றீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. கேபினுக்குள்ளே கீல் பெட்டியின் பக்கத்தில் ஒரு பெரிய போல்ட் இருக்கும். அது கீலைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கும் பூட்டு. டிரெய்லரில் கொண்டுபோக இறுக்கியிருப்பார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அந்த போல்ட்டைப் போய் உடனே தளர்த்திவிடாதீர்கள். கேபிளில் ஏழெட்டு சுற்றுத் தளர்வு இருக்கிறது. பூட்டு விட்ட நொடியில் 550 பவுண்டும் சும்மா விழுந்து கேபிளை வெட்டி இழுக்கும். கேபிள் அறுந்தால் கீல் ஊஞ்சல் மாதிரி ஆடிப் படகின் அடியை உடைத்துக்கொண்டு போகும்.

முதலில் 7, 8 அடி ஆழமுள்ள இடத்தில் நங்கூரம் போடுங்கள். வின்சைச் சுற்றித் தளர்வை முழுதும் எடுத்துக் கேபிளை விறைப்பாக்குங்கள். ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் போல்ட்டை அரைச் சுற்று, அப்புறம் இன்னும் அரைச் சுற்று தளர்த்தட்டும். முழுதாகக் கழற்ற வேண்டாம், அந்த ஓட்டை வழியாக ஏரி உள்ளே வந்துவிடும். பிறகு மெதுவாக இறக்குங்கள், சுற்றுகளை எண்ணி எழுதி வையுங்கள். கைப்பிடியை மட்டும் விட்டுவிடாதீர்கள், தானே சுழலும் கைப்பிடி மணிக்கட்டை உடைத்துவிடும். வின்சில் பிரேக் இருந்தால் அதன் தட்டுகளில் எண்ணெய் போடாதீர்கள், பிரேக் பிடிக்காது.

தளர்த்தியும் கீல் அசையவில்லை என்றால் அதோடு நிறுத்துங்கள். கம்பால் குத்துவது, கீழே முங்கிப் போய் இழுப்பது, எதுவும் வேண்டாம். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து பார்த்துக்கொள்ளலாம். கீலுக்குக் கீழே கையை வைக்கிற வேலை தரையிலும் கூடாது.

நாகை வாடை:

படகு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இது எங்கள் ஊரில் பார்த்ததுதான். கட்டுமரத்தில் பாய் விரித்தால் கட்டைகளுக்கு நடுவே ஒரு பலகையைச் செருகி இறக்குவார்கள். தாத்தா ஒரு நாள் அதைக் கரையிலேயே மறந்துவிட்டுப் போய், நாகப்பட்டினத்தில் கிளம்பி வேளாங்கண்ணியில் கரை ஏறிய கதையை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

கெமா கிழவன்:

அதே பலகைதான். இங்கே அதை இரும்பில் செய்து கொஞ்சம் கனமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் முடிச்சு:

பாய்மரம் பற்றி நான் சொல்கிறேன், அண்ணன் கீலை விட்டு வெளியே வர மாட்டார்.

மரம் சாய்ந்திருப்பதால் படகு அந்த அளவுக்கு நழுவாது. ஆனால் வளைந்த டர்ன்பக்கிளை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள், தூக்கி எறியுங்கள். ஒரு தடவை வளைந்தது நல்ல காற்றில் முறியும், அது முறிந்தால் மரமே வந்துவிடும். மரத்தை நிமிர்த்தும்போது டர்ன்பக்கிள் படுத்தவாக்கில் சிக்கியிருக்கும், மரம் மேலே போகப் போக அதன் திருகு வளைந்திருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இப்படித்தான் போகிறது. நிமிர்த்தும்போது பாதியில் நிறுத்தி எல்லா டர்ன்பக்கிளும் நேராக நிற்கிறதா என்று ஒருவர் சுற்றிப் பார்க்க வேண்டும். அடியில் டாகிள் என்று ஒரு துண்டு விற்கிறார்கள், எல்லாப் பக்கமும் மடங்கும். அதைப் போட்டால் இந்தத் தொல்லை பாதி போகும்.

நேர் பார்க்க, பெரிய பாய் ஏற்றும் கயிற்றின் நுனியை ஒரு பக்கத்தில் கம்பி மாட்டும் தகட்டுக்குக் கொண்டுவந்து இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சை மறுபக்கத் தகட்டுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்தால் மரம் நேர். முதலில் உச்சிக்குப் போகும் கம்பிகள் இரண்டையும் சரி செய்யுங்கள், கீழ்க் கம்பிகள் அப்புறம். அவை உச்சிக் கம்பி அளவுக்கு இறுக்கமாக வேண்டியதில்லை. ஓடும்போது காற்று படாத பக்கத்துக் கம்பி கொஞ்சம் தளர்ந்தால் கவலை வேண்டாம், ஊசலாடினால் இறுக்குங்கள். கடைசியில் எல்லா டர்ன்பக்கிளிலும் திருகு சுழலாமல் தடுக்கும் ஊசியை (பின்) குத்துங்கள். ஊசி இல்லாத திருகு தானாகக் கழன்றுகொண்டே இருக்கும்.

இதையெல்லாம்விட முக்கியம்: நிமிர்த்துவதற்கு முன் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். மரமே 25 அடி. டிரெய்லர்மேல் நிற்கும் படகில் வைத்தால் உச்சி தரையிலிருந்து 30 அடிக்கு மேல் போகும். மின்கம்பி இருக்கிற இடத்துக்கு அருகில் அலுமினிய மரத்தைத் தூக்கவும் கூடாது, தூக்கிய மரத்தோடு வண்டியை நகர்த்தவும் கூடாது.

பையனுக்கு உயிர்க்கவசம் போட்டிருந்தீர்கள் அல்லவா? டெக்சாஸில் 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதைப் போட்டிருப்பது சட்டம்.

புதுப்பாய்:

போட்டிருந்தோம் அண்ணா, அவன் தூங்கும்போதும் கழற்ற மாட்டேன் என்றான்.

போல்ட் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருக்கிறது. நான் அதைப் படகின் ஏதோ எலும்பு என்று நினைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நண்பனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

புதுப்பாய்:

போய்விட்டு வந்தேன். மனைவி கரையில் நின்று பார்த்தாள், ஏற மறுத்துவிட்டாள்.

கேபிளை விறைப்பாக்க ஒன்பது சுற்று ஆனது. நண்பன் ஸ்பானரைப் போட்டான், முதல் அரைச் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கீழிருந்து டங் என்று ஒரு சத்தம், வின்ச் கைப்பிடி என் கையில் ஒரு முறை துள்ளியது. பாரம் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. தளர்வு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. முழுதாக இறங்க 27 சுற்று. வின்ச் பக்கத்துச் சுவரில் மார்க்கரால் எழுதிவிட்டேன்.

அப்புறம் பாய் விரித்தோம். வேறு படகு மாதிரி இருந்தது. நான்கு முறை திருப்பினேன், நான்கும் திரும்பியது. புது டர்ன்பக்கிளும் போட்டாகிவிட்டது, முடிச்சு போட்டு அளந்ததில் மரம் ஒன்றரை அங்குலம் சாய்ந்திருந்தது, சரி செய்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். பூட்டு போல்ட்டை இப்போது மறுபடி இறுக்க வேண்டுமா? அப்புறம், படகு கொஞ்சம் வேகம் பிடித்ததும் அடியிலிருந்து ரீங் என்று தம்புரா மாதிரி ஒரு சத்தம் வருகிறது. எங்கேயாவது உடைந்துவிட்டதா?

கெமா கிழவன்:

போல்ட் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. இறுக்கினால், படகு அடியோடு கவிழச் சாய்ந்தாலும் கீல் உள்ளே மடங்காது. இறுக்காவிட்டால், தரை தட்டும்போது கீல் தானாகப் பின்னால் மடங்கி அடியைக் காப்பாற்றும். எங்கள் வளைகுடாவில் பல இடங்களில் ஆளுயரத் தண்ணீர்தான், நான் தளர்வாகவே விடுகிறேன். பலத்த காற்று என்றால் கரையிலேயே உட்கார்ந்து காபி குடிப்பேன். உங்கள் ஏரியின் ஆழத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எதைச் செய்தாலும், ஏற்றி இறக்குவதற்கு முன் போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

சத்தம் கேபிள்தான். கீல் இறங்கியதால் இப்போது நீளமான கம்பி தண்ணீரில் நிற்கிறது, ஓட்டத்தில் அதிர்ந்து பாடுகிறது. உடைசல் இல்லை. அரைச் சுற்று தளர்த்தியோ இறுக்கியோ பாருங்கள், சுருதி மாறும், சில சமயம் நின்றுவிடும். ஆனால் அந்தக் கேபிள் மூன்று வருஷம் சும்மா கிடந்தது, அதற்கு முன் எத்தனை வருஷம் உழைத்தது என்று உங்களுக்கும் தெரியாது. அடுத்த தடவை படகைக் கரையேற்றும்போது ஒரு துணியால் பிடித்து உருவிப் பாருங்கள். ஒரு இழை துணியில் மாட்டினாலும் கேபிளை மாற்றிவிடுங்கள்.

புதுப்பாய்:

சரி அண்ணா. சுருதி சேர்த்துப் பார்க்கிறேன்.