புதுப்பிப்பு: டிராகன்ஸ்டாம்பர் இரண்டாம் பகுதி ஏறிவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. அட்டாரி 2600 என்ற பழைய வீடியோ கேம் கன்சோலில், சூப்பர்சார்ஜர் (கேசட் ஒலியாக வரும் ஆட்டத்தை ஏற்றும் கார்ட்ரிட்ஜ்) வழியாக டிராகன்ஸ்டாம்பர் என்ற இந்த 1982 ஆட்டத்தின் முதல் பகுதி ஏறியது. பாலம் தாண்டியதும் கிராமப் பகுதி ஏறாமல் நின்றது என்று கேட்டிருந்தேன்.

பலித்தது, "எம்பி3 வேண்டாம், வேவ் (சுருக்காத ஒலி) கோப்பைப் போடுங்கள்" என்ற யோசனைதான். எம்பி3-ஆகச் சுருக்கும்போது ஒலியலையின் வடிவம் கெடுகிறது; சூப்பர்சார்ஜர் தரவைப் படிப்பதே அந்த அலையிலிருந்துதான். ஈக்வலைசரையும் அணைத்தேன். வால்யூம் பாதியில் தோல்வி, முக்கால் பங்கில் வெற்றி.

எதிர்பாராதது: கேபிளை மாற்றியதில் எந்தப் பலனும் இல்லை.

மூன்றாவதான டிராகன் குகைப் பகுதியும் அதே வால்யூமில் ஏறியது. இடையில் கன்சோலை மட்டும் அணைக்காதீர்கள். ஆட்டம் சூப்பர்சார்ஜரின் 6 கேபி ரேமில்தான் (மின்சாரம் போனால் அழியும் நினைவகம்) இருக்கிறது. சேர்த்த பொன், ஆயுதம் எல்லாம் போய்விடும்.