உதவி தேவை: நெவர்விண்டர் இருக்கா, அழிஞ்சு போச்சா? ஃபார்காட்டன் ரெல்ம்ஸ் வரலாறு ஒண்ணுக்கொண்ணு முட்டுது

தலவாக்கலை_பகடை

எல்லாருக்கும் வணக்கம். டி அண்ட் டிங்கிற, பகடை உருட்டிக் கதைக்குள்ள ஆடுற விளையாட்டோட ஐந்தாம் பதிப்பு ஆரம்பப் பெட்டியில வார ஃபண்டலின் சாகசத்த கூட்டாளிமாரோட ஆடப்போறேன். கதை நடக்கிறது ஃபார்காட்டன் ரெல்ம்ஸ்ங்கிற கற்பனை உலகத்தில. நான்தான் டிஎம், அதாவது கதைய நடத்துறவன். ஆளுங்க எல்லாம் கொழும்பில வேலை. போயாவும் சனி ஞாயிறும் ஒட்டி வந்தாத்தான் ஊருக்கு ஏறி வாராங்க. அதனால உக்காந்த பிறகு நடுவுல நிப்பாட்டி விக்கி பார்க்கவெல்லாம் நேரமில்ல. மழை இறங்கிட்டா எங்க பக்கம் சிக்னலும் இல்ல.

பிரச்சினை இதுதான். கதை நெவர்விண்டர் நகரத்தில தொடங்குது. குண்ட்ரென்னு ஒரு குள்ளர் ஒரு வண்டிச் சாமான ஃபண்டலினுக்குக் கொண்டுபோகச் சொல்லி வேலை கொடுக்கிறார். ஆனா ரசிகர் விக்கியில பார்த்தா "நெவர்விண்டர் ஒரு நகரமாக இருந்தது"ன்னு எழுதியிருக்கு. கொஞ்சம் கீழ போனா அந்த உலகத்து 1451இல எரிமலை வெடிச்சு அழிஞ்சதுன்னு இருக்கு. ஒருத்தன்கிட்ட மூன்றாம் பதிப்பு காலத்துப் பழைய புத்தகம் இருக்கு. அதில நகரம் ஜம்முன்னு இருக்கு, நாஷர் பிரபு ஆட்சி. அவன் தன் கதாபாத்திரத்த நாஷரோட அரண்மனையில வளர்ந்த உயர்குடின்னு எழுதி அனுப்பியும் விட்டான். இன்னொருத்தன் அதே உலகத்தில நடக்கிற பால்டர்ஸ் கேட் 3 கேம முடிச்சவன், நான் எதச் சொன்னாலும் "அப்படி இல்லையே மச்சான்"னு ஆரம்பிக்கிறான். மந்திரவாதியா ஆடுற தங்கச்சிக்கு மிஸ்ட்ரா தெய்வம் வேணுமாம். மிஸ்ட்ரா செத்துட்டான்னு ஒரு பக்கத்தில போட்டிருக்கு, உசிரோட இருக்கான்னு இன்னொரு பக்கத்தில.

எதத்தான் நம்புறது? மொத்தமா எவ்வளவு வாசிக்கணும்?

கொத்மலை_ஆந்தை

பதில் சொல்ல முதல் ரெண்டு கேள்வி. உங்க கதை அந்த உலகத்து எந்த வருஷத்தில நடக்குது? அந்த உயர்குடி மனுஷனா, இல்ல நூத்துக்கணக்கான வருஷம் வாழுற எல்ஃப் இனமா?

தலவாக்கலை_பகடை

மனுஷன்தான். வருஷம் ஒண்ணும் வைக்கல. "இப்ப" நடக்குதுன்னு வச்சிருக்கேன்.

பனிமூட்டம்

தம்பி, அந்த "இப்ப"தான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். அந்த உலகத்தில ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு "இப்ப" இருக்கு. அந்த உலகத்து வருஷக் கணக்குக்கு டேல் கணக்குன்னு பேரு, அதில 1987இல வந்த முதல் பெட்டி 1357ஐ ஒட்டி நிக்குது. 2001இல வந்த மூன்றாம் பதிப்புப் புத்தகத்துக்கு 1372. 2008இல நாலாம் பதிப்பு வந்தப்ப ஒரே தாவலா நூறு வருஷத்துக்கு மேல தாண்டி 1479க்குப் போயிட்டாங்க. ஐந்தாம் பதிப்பு 1480களோட கடைசியிலயும் 1490களிலயும் நடக்குது. உன் கூட்டாளி முடிச்ச பால்டர்ஸ் கேட் 3 நடக்கிறது 1492இல. அதே பேர்ல 1998இல வந்த முதல் கேம் 1368. பேர் ஒண்ணுதான், நடுவுல நாலு தலைமுறை போயிருச்சு.

ஆக, நீ எந்தத் தகவல எடுத்தாலும் அதுக்கு ரெண்டு திகதி இருக்கு. சம்பவம் நடந்த டேல் வருஷம் ஒண்ணு, அத அச்சடிச்ச நம்ம வருஷம் ஒண்ணு. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில எழுதிப் பாரு. "முரண்பாடு"ன்னு நீ சொல்றதில முக்காவாசி அங்கயே கரைஞ்சு போயிரும்.

நெவர்விண்டரையே எடு. 2001இல அச்சான புத்தகம் 1372ஐச் சொல்லுது. அப்ப நகரம் நல்லாத்தான் இருந்துச்சு, அந்தத் தலைமுறை நாஷர் பிரபுவோடது. 1451இல ஹோடெனோ மலை வெடிச்சு நகரம் நாசமாச்சு, அதுவும் உண்மை. பிறகு வாட்டர்டீப்னு இன்னொரு நகரத்தில இருந்து டாகுல்ட் நெவரெம்பர்னு ஒரு பிரபு வந்து, கூலிப்படை வச்சு, காசு இறைச்சு மறுபடியும் கட்டினார். உன் பெட்டியில இருக்கிறது இந்த மூணாவது நகரம். மூணு புத்தகமும் பொய் சொல்லல.

விக்கியில "இருந்தது"ன்னு கிடக்கிறத வச்சு நகரம் இல்லைன்னு முடிவெடுக்காத. அந்த விக்கியில எல்லாக் கட்டுரையையும் இறந்த காலத்திலதான் எழுதணும்னு ஒரு விதி வச்சிருக்காங்க. எந்த வருஷத்தில நின்னு கதை நடத்துறவனுக்கும் உதவணும்ல, அதுக்காக. நல்லா இருக்கிற ஊரு, உசிரோட இருக்கிற ராணி, நேத்து கட்டின சத்திரம் எல்லாமே அங்க "இருந்தது"தான். புதுசா போறவங்க முக்காவாசிப் பேர் இதிலதான் தடுக்கி விழுறாங்க. வசனத்துக்குப் பின்னால இருக்கிற சின்ன இலக்கத்த அமத்து, எந்தப் புத்தகத்தில இருந்து எடுத்ததுன்னு காட்டும். புத்தகம் தெரிஞ்சா பதிப்பு தெரியும், பதிப்பு தெரிஞ்சா வருஷம் தெரியும். ஒவ்வொரு டேல் வருஷத்துக்கும் தனிப் பக்கமும் அங்க இருக்கு, நகரத்துப் பக்கத்த விட அது சுருக்கம்.

மிஸ்ட்ரா விஷயம் இன்னும் வேடிக்கை. நெதெரில்ங்கிற பழைய மந்திரவாதிப் பேரரசுக் காலத்தில, டேல் கணக்குக்கு 339 வருஷம் முந்தி, கார்சஸ்னு ஒரு மந்திரவாதி தானே தெய்வமா மாறப் பார்த்தான். அவனத் தடுக்க அன்னைக்கு இருந்த மந்திர தேவி மிஸ்ட்ரில் தன் உசிரக் கொடுத்தா. அடுத்து வந்தவதான் மிஸ்ட்ரா. 1358இல தெய்வங்கள் எல்லாம் மண்ணுல இறங்கின கலவரத்தில அவளும் செத்து, மிட்நைட்னு ஒரு மனுஷப் பொண்ணு அந்த இடத்துக்கு வந்தா. 1385இல அவளையும் கொன்னாங்க, மந்திரமே பிய்ஞ்சு நீல நெருப்பா எரிஞ்சது அப்பதான். ஐந்தாம் பதிப்புக் காலத்துக்குள்ள திரும்பி வந்துட்டா. உன் மேசையில இருக்கா. தங்கச்சிக்கிட்ட தாராளமா கும்பிடச் சொல்லு.

மஸ்கெலியா_கரடி

இவ்வளவு தலையிடி எதுக்கு? வேற ஆளு எழுதின மூவாயிரம் வருஷத்த மனப்பாடம் பண்றதுக்கு நம்மளே ஒரு உலகம் செஞ்சிட்டுப் போகலாம். நம்ம மலையில இல்லாத கதையா? 1815இல கண்டி விழுந்தது, ராசா வேலூருக்குப் போனது, அதுவே ஒரு சாகசம்.

தலவாக்கலை_பகடை

அண்ணே, பெட்டி வாங்கியாச்சு, ஆளுங்க கதாபாத்திரமும் எழுதியாச்சு. அந்த உலகமே வேணும்ங்கிறாங்க. பால்டர்ஸ் கேட் ஆடினவன அடக்க வழி ஏதும் இருக்கா?

கொத்மலை_ஆந்தை

ரெண்டு வழி இருக்கு. முதலாவது, வெளியீட்டாளரே கைய விரிச்சிட்டாங்க. 2014இல இருந்து வந்த ஐந்தாம் பதிப்பு ஆட்டப் புத்தகங்கள்ல இல்லாத எதையும் அதிகாரபூர்வமா எடுத்துக்க மாட்டோம்னு 2021 ஜூலையில அறிவிச்சாங்க. நாவல், கணினி விளையாட்டு, பழைய பதிப்பு எதுவும் அவங்களையே கட்டுப்படுத்தாது. பிறகு உங்கள எப்படிக் கட்டுப்படுத்தும்?

ரெண்டாவது வழிதான் எனக்குப் பிடிச்சது. கதைய 1491இல வைங்க. அவன் ஆடினதெல்லாம் 1492இல. அவனுக்குத் தெரிஞ்சது எதுவும் இன்னும் நடக்கவே இல்ல. வாதாட இடமே இருக்காது. நெவரெம்பர் அப்ப நெவர்விண்டர்லதான் இருக்கார், வாட்டர்டீப் பதவி கைய விட்டுப் போய் லேரல் சில்வர்ஹாண்ட் அங்க தலைவி. இதுலயும் பழைய பக்கம் ஒண்ணு நெவரெம்பரையே ரெண்டு ஊருக்கும் தலைவரா காட்டும், பயப்படாதீங்க, அது 1479.

எவ்வளவு வாசிக்கணும்னு கேட்டீங்க. பெட்டியில உள்ள சாகசம், விக்கியில நெவர்விண்டர், ஃபண்டலின், 1451, அவ்வளவுதான். சட்டங்களுக்காகவும் செலவழிக்க வேண்டாம், அடிப்படை விதிகள் இலவசம். ஆனா அந்த இலவசக் கோப்பில உலக வரலாறு கிடைக்காது, அத நம்பி டேட்டாவ கரைக்காதீங்க. பழைய பதிப்புப் புத்தகங்கள் பிடிஎஃபா விலைக்கு இருக்கு, டொலர்ல. உங்க நண்பன்கிட்ட ஒண்ணு இருக்கே, போதும்.

பண்டாரவளை_வாத்தியார்

கரடி சொன்னதை முழுதாகத் தள்ள வேண்டாம். நம் வரலாற்றிலிருந்து பேர்களை எடுக்காதீர்கள், அது இயங்கிய விதத்தை எடுங்கள். விக்கியில் எவ்வளவு வாசித்தாலும் நெவர்விண்டர் சாம்பலுக்குப் பிறகு சாதாரண சனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது அதிகம் கிடைக்காது. பிரபுக்களும் மந்திரவாதிகளும்தான் கிடைப்பார்கள். அந்த வெற்றிடத்தை டிஎம்தான் நிரப்ப வேண்டும், அதற்கு நமக்குத் தெரிந்த மண் உதவும்.

1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. ஆனால் தோட்டங்கள் காடாகவில்லை. லூல்கந்துரையில் 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டிருந்தார். அதே மலை, அதே பாதை, அதே துரைமார், பயிர் மட்டும் மாறியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆள் போதும், தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். சனங்கள் குடும்பத்தோடு லயத்தில் தங்க நேர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். இப்போது நெவர்விண்டருக்கு வாருங்கள். அழிந்த நகரை மீண்டும் கட்ட யார் கல் சுமந்தார்கள்? வேலை முடிந்த பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? ஃபண்டலினே ஓர்க்குகள் என்ற அரக்கர் கூட்டம் அழித்து ஐந்நூறு வருடம் கழித்து இப்போதுதான் மீண்டும் குடியேறிய ஊர். அந்தக் குடியேறிகள் யாராக இருக்கலாம் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று: துண்டு. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவர் ஆட்களையும் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டம் அந்தக் காசைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆளுக்கு ஆள் கடனும் கூடவே நகரும். 1921இல்தான் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள். குண்ட்ரெனின் வண்டிக்குள் அப்படி ஒரு கட்டுச் சீட்டு கிடந்தால் எப்படியிருக்கும்? அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, முழுக்க உங்கள் கற்பனையாக இருக்கும், எந்த விக்கியாலும் மறுக்கவும் முடியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தச் சாகசத்தில் கோப்லின் என்ற குட்டி அரக்கர்கள் வருகிறார்கள். கடன்பட்ட கூலிகளைக் கோப்லின் ஆக்கிவிடாதீர்கள். நம் பாட்டன்மாரை அப்படி எழுதியவர்கள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

மஸ்கெலியா_கரடி

வாத்தியார் சொன்னா சரி. துண்டு யோசனைய நான் எடுத்துக்கிறேன், என் உலகத்துக்கு.

தலவாக்கலை_பகடை

இது போதும் போதும்னு ஆகிருச்சு, எல்லாருக்கும் நன்றி. 1491னு முடிவு பண்ணிட்டேன். பிளேயர்மாருக்கு வாட்ஸ்அப்பில அனுப்ப ஒரு பந்தி எழுதினேன், பார்த்துச் சொல்லுங்க:

"வருடம் 1491. நாற்பது வருடத்துக்கு முன் ஹோடெனோ மலை நெருப்புக் கக்கியது. நெவர்விண்டரில் இன்று நீங்கள் நடக்கும் தெரு புதியது, அதற்கு அடியில் பழைய தெரு கிடக்கிறது. நெவரெம்பர் பிரபு கூலி நேரத்துக்குக் கொடுக்கிறார், கேள்வி கேட்பவரை அவருக்குப் பிடிக்காது. ஃபண்டலினில் கூலி கூட என்று சனங்கள் தெற்கே போகிறார்கள். போனவர்கள் கடிதம் போடுவதில்லை."

உயர்குடிய என்ன செய்றது? நாஷரோட அரண்மனையில வளர்ந்தவன்னு இன்னும் அடம் பிடிக்கிறான். இன்னொன்று, நாங்க போயா அன்னைக்கு ஆடுறதால கதையிலயும் முழுநிலவு வரணும்னு ஆசை. சரி வருமா?

பனிமூட்டம்

பந்தி நல்லா இருக்கு. கடைசி வசனத்த மாத்தாத.

நாஷர் ஆண்டது நூறு வருஷத்துக்கு மேல முந்தி, மனுஷனுக்கு ஒத்தே வராது. ரெண்டு வழி கொடு. எல்ஃபா மாறினா எழுதினத அப்படியே வச்சுக்கலாம், அவங்க எழுநூத்தம்பது வயசு வரைக்கும் இருப்பாங்க. நாஷரையும் பார்த்திருப்பான், எரிமலையையும் பார்த்திருப்பான். மனுஷனாவே இருக்கணும்னா அரண்மனை கொள்ளுத் தாத்தாவோடது. அவன் அம்மா சின்னப் பிள்ளையில சாம்பலுக்குள்ள இருந்து தப்பிச்சவ. கையில பட்டயம் இருக்கு, நிலம் இல்ல. எனக்கு இது இன்னும் நல்லா இருக்கு, நெவரெம்பருக்கு அவன் தொல்லை.

நிலவு சரி வரும், கொஞ்சம் நழுவும். அங்க மாசம் பன்னிரண்டு, எல்லாத்துக்கும் முப்பது நாள், அதுக்கு வெளிய அஞ்சு திருவிழா நாள், ஆக 365. வாரம் பத்து நாள், செவ்வாய் வெள்ளின்னு எழுதிராத. செலூனேங்கிற அவங்க நிலாவுக்கு ஒரு சுற்று முப்பதரை நாள் கிட்ட. முதல் ஆட்டத்துக்கு முழுநிலவ ஒரு திகதியில போட்டுட்டா பிறகு முப்பது, முப்பத்தொண்ணுன்னு மாத்தி மாத்தி எண்ணிக்கிட்டே போகலாம். நாலு வருஷத்துக்கு ஒருக்கா ஷீல்ட்மீட்னு ஒரு நாள் கூடும், 1492இல அது வருது. உங்க கதை அதுவரைக்கும் இழுத்தா அன்னைக்கு ஒரு ஆட்டம் போடு, ஒப்பந்தம் செய்றதுக்கும் போட்டிக்கும் பேர்போன நாள் அது.

கொத்மலை_ஆந்தை

பந்திய அனுப்ப முதல் ஒண்ணு. "ஹோடெனோ மறுபடி வெடிக்குமா?"ன்னு முதல் அரை மணித்தியாலத்திலயே யாராவது கேட்பாங்க, மந்திரவாதி தங்கச்சிதான் கேட்பான்னு நினைக்கிறேன். விக்கியத் தேடாதீங்க. ஆமாவா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணி எழுதி வச்சுக்குங்க.

தலவாக்கலை_பகடை

ஆமா. அத மட்டும் இங்க எழுத மாட்டேன், பால்டர்ஸ் கேட்காரன் இந்த இழைய வாசிப்பான்.