லெம்பேயின் குள்ளக் கடற்குதிரையை பிளாஷ் குருடாக்குகிறதா?

கரிமணல்: இந்தோனேசியாவின் லெம்பே நீரிணைக்கு முக்குளிக்கச் சென்று வந்த ஒருவர், பிளாஷ் போட்டுப் படமெடுப்பவர்கள் அங்குள்ள குள்ளக் கடற்குதிரைகளைக் குருடாக்குகிறார்கள் என்று எழுதியிருப்பதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. 2019 இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியான ஆய்வு, பிளாஷ் பட்ட கடற்குதிரைகளின் கண்களில் சேதம் எதையும் காணவில்லை. உயிரினங்களை மிகுதியாகக் கலங்கடித்தது அவற்றைத் தொட்டு நகர்த்துவதுதான். குருடாகிறது என்பவர் ஒரு சான்றையாவது காட்டட்டும்.

நீலத்திமிங்கிலம்: எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். தாங்கள் முழங்கும் ஆய்வில் கண்களைச் சோதித்தது மேற்கு ஆஸ்திரேலியக் கடற்குதிரையில். நான் எழுதியதோ, முழுதாக வளர்ந்தும் இரண்டு சென்டிமீட்டரை ஒட்டியே நின்றுவிடும் பார்கிபான்டி என்னும் குள்ளக் கடற்குதிரையைப் பற்றி. யானை தாங்கியதை எறும்பும் தாங்கும் என்பீர்களா? மீனுக்கு இமையே கிடையாது, ஐயா.

கரிமணல்: இமை இல்லாதது எனக்கும் தெரியும். நான் கேட்டது சான்று. அது இன்னும் வரவில்லை.

துடுப்புக்காரி: லெம்பேயில் முக்குளிக்கும் இடமான நூடி ஃபால்ஸின் பாறைச்சுவரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கடல்விசிறி என்னும் பவளத்தின் கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு, அதன் மொட்டுகளைப் போன்ற இளஞ்சிவப்புப் புடைப்புகளோடு இருந்த அந்தச் சின்னஞ்சிறு உயிர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டதும், வழிகாட்டி உலோகக் குச்சியை நுழைத்து அதைக் கேமராவின் பக்கம் திருப்பினார். வரிசையில் காத்திருந்தவர்களில் ஒருவர் காலில் மாட்டியிருந்த துடுப்பு அந்தக் கடல்விசிறியை உரசிக்கொண்டே இருந்தது. நீங்கள் இருவரும் பிளாஷை விட்டு நகரவே மாட்டீர்களா?

நீலத்திமிங்கிலம்: டிப்ஸுக்காக அங்குள்ள வழிகாட்டிகள் எதையும் செய்வார்கள், அம்மா.

பவளவாசி: அவர்களை அப்படி இழித்துப் பேசாதீர்கள். 2008 இல் அறிவியல் பெயர் பெற்ற ஹிப்போகாம்பஸ் பொன்டோஹி, அதை முதலில் கவனப்படுத்திய ஹென்ஸ் பொன்டோ என்னும் உள்ளூர் வழிகாட்டியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. முகம் தெரியாத படத்துக்கு முகம் சுளிக்கும் விருந்தினர்கள் இல்லையென்றால் குச்சிக்கு என்ன வேலை?

கரிமணல்: நன்றாகச் சொன்னீர்கள். குற்றம் குச்சியுடையது, பிளாஷுடையது அன்று. திமிங்கிலச் சுறா விவாதத்திலும் இதே நண்பர் சான்று கேட்டவுடன் காணாமல் போனார் என்பதைப் பழைய உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சின்னஞ்சிறியவற்றை நெருக்கத்தில் படமெடுக்கும் விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸ் வாங்க முடியாதவர்கள் பிளாஷைப் பழிப்பது புதிதும் அன்று.

நீலத்திமிங்கிலம்: என் கேமராவின் விலை தங்களுக்கு எதற்கு? பிரிட்டனில் 2008 முதல் கடற்குதிரைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அவர்கள் எல்லோரும் முட்டாள்களா?

துடுப்புக்காரி: பிரிட்டனில் பார்கிபான்டி ஏது? பெரிய கடற்குதிரையைக் காட்டி வாதிடக் கூடாது என்று சற்றுமுன் சொன்னவரே நீங்கள்தானே?

நீலத்திமிங்கிலம்: தாங்களும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள் என்று தெரிகிறது.

கரிமணல்: கட்சியெல்லாம் இருக்கட்டும். சட்டம் வேறு, சான்று வேறு. லெம்பேயில் பிளாஷால் பார்வையிழந்த ஒரே ஒரு குள்ளக் கடற்குதிரையைக் காட்டுங்கள். அதுவரை இந்த இழையில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.